சின்ன ஜெட்டைப் போடாதே

கள்ளக்குறிச்சி
24.9.1987

அன்பு மகன் ஜுனைதுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். ஷார்ஜாவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் நின்றதா என்று முதலில் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். இனி என் விஷயம். பதினாறாம் தேதி உனக்கு ஒரு கடிதம் போட்டேன். அது கிடைத்திருந்தால் அதில் எழுதியபடி எதையும் செய்யாதே. இன்னும் கிடைக்கவில்லை என்றால், கிடைத்த பிறகும் செய்யாதே. எனக்கே குழப்பமாக இருக்கிறது, வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

அந்த ஜப்பான் காரை ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று உன் பட்டறை முதலாளி சொன்னதாக எழுதியிருந்தாய். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, முக்கோணமாக ஒன்று உள்ளே சுற்றுகிறது என்று படம் வேறு போட்டிருந்தாய். அந்தப் படத்தை நேராகப் பார்த்தேன், தலைகீழாகப் பார்த்தேன், எப்படிப் பார்த்தாலும் ஒன்றாகத்தான் இருந்தது. முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், பிஸ்டன் இல்லாத இன்ஜினை நான் எங்கே கண்டேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் குலுங்குகிறது, பிளக் கறுப்பாக இருக்கிறது என்றாய். கறுப்பு பெட்ரோல் ஜாஸ்தி என்கிறது, குலுக்கல் பெட்ரோல் கம்மி என்கிறது, இரண்டில் எதை நம்புவது. நீ பிளக்கைத் துடைத்துக் கடிதத்தோடு வைத்த காகிதத்தைப் பார்த்தேன், கரியாக இருந்தது. பெட்ரோல்தான் ஜாஸ்தி, கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை, அந்த ஜெட்டைக் கழற்றிச் சின்ன ஜெட்டைப் போட்டு அளவைக் குறை, எனக்கு நன்றாகத் தெரியும் என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

மறுநாளே மறியல் தொடங்கிவிட்டது. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை, லாரி இல்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் அது நடந்தது இது நடந்தது என்று ஆளுக்கொரு சேதி. கேட்கிறவர்கள் கேட்பது நியாயம்தான் என்றார் ஒருவர், மரம் என்ன செய்தது என்றார் இன்னொருவர், நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். மலைப் பக்கம் மட்டும் ரோடு திறந்திருந்தது, ஆனால் பெட்ரோல் பங்க் காய்ந்துவிட்டது. வெள்ளிமலை ரேஷன் கடைக்கு அரிசி ஏற்றிப்போகும் அரங்கநாதன் தன் பழைய ஜீப்பை ஓட்டிவந்து, இருக்கிற பெட்ரோலில் மலை ஏறி இறங்க வேண்டும், கம்மியாகக் குடிக்கிற மாதிரி செய்து கொடுங்கள் என்றார். பிளக்கைக் கழற்றினேன், அதுவும் கறுப்பு. உனக்குச் சொன்ன வைத்தியத்தையே ஜீப்புக்கும் செய்தேன். அன்றைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்ற நினைப்பு எனக்கு.

கச்சிராயபாளையம் தாண்டி மலையில் மூன்றாவது வளைவில் ஜீப் நின்றுவிட்டது. கார்புரேட்டர் வழியாகத் தும்மியதாம், ரேடியேட்டர் கொதித்ததாம். மூட்டைகளை இறக்கி ஓரமாக அடுக்கிவிட்டு, வண்டியை இறக்கத்தில் உருட்டி, சமதரையில் மெல்ல ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. "இன்னா பாய், கொறச்சி வைக்கச் சொன்னேன், பட்டினி போட்டுட்டீங்களே" என்றார், அவ்வளவுதான். பிளக்கைக் கழற்றி இந்த முறை விரலில் தேய்த்துப் பார்த்தேன். பெட்ரோல் கரி என்றால் பொடியாக உதிரும், இது மையாக ஒட்டியது. ஆயில். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறிக் கறுத்திருக்கிறது, நான் பெட்ரோல் மேல் பழியைப் போட்டேன். வழக்கமாகத் தேய்த்துப் பார்க்கிறவன் அன்றைக்கு ஏன் பார்க்கவில்லை என்று தெரியவில்லை. வீட்டுக்கு ஓடி உன் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கரியைச் சுற்றி, பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி எண்ணெய் ஊறியிருந்தது. உன் கடிதத்தைத் திரும்பப் படித்தால், முக்கோணத்தின் முனையில் இருக்கிற சீல் தேயாமலிருக்க உள்ளேயே ஆயில் சொட்டும்படி செய்திருக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் சரியாகவே படிக்கவில்லை. அப்படியானால் கறுப்பு அதன் சுபாவமாக இருக்கலாம், குலுக்கல்தான் நிஜமாக இருக்கலாம். பெட்ரோல் ஏற்கனவே கம்மி என்றால், இன்னும் குறைத்தால் சூட்டில் அந்த சீலே போய்விடும், இன்ஜினும் போய்விடும், உன் வேலையும் போய்விடும்.

தந்தி கொடுக்கப் போனேன், லைன் இல்லை என்றார்கள். தபால்காரர் சடையனைப் பிடித்துக் கேட்டேன், தபால் பை போன பஸ் எலவனாசூர்கோட்டையில் நிற்கிறது என்றார். சைக்கிளில் போனேன், மரம் கிடந்த இடமெல்லாம் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டினேன். பஸ் நின்றது, பை இல்லை. முதல் நாளே யாரோ தலைச்சுமையாகக் கொண்டுபோனதாக ஒருவர், இல்லை திருப்பி அனுப்பியாயிற்று என்று இன்னொருவர். எந்தக் கடிதம் உனக்கு முந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மா கொஞ்சமும் கலங்கவில்லை, "வேல போனா போவுது, வூட்டுக்கு வரச் சொல்லு" என்கிறாள், அவளுக்கு அதுதான் வேண்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் சோக்கைக் கொஞ்சமாக இழுத்து, பெட்ரோலைக் கூட்டி ஓட்டிப் பார். குலுக்கல் குறைந்தால் பெட்ரோல் கம்மி, அதிகமானால் ஜாஸ்தி. இதுகூட நம் ஊர் இன்ஜினுக்குப் பொருந்துவது, அந்த முக்கோணத்துக்குப் பொருந்துமா தெரியவில்லை, உன் காதை நம்பு. நீ என்னிடம் யோசனை கேட்டு எழுதியது இதுதான் முதல் தடவை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் தெரியும் என்று எழுதினேன்.

தொழுகையை விடாதே, வெயிலில் அலையாதே, உடனே பதில் போடு. அல்லாஹ் உனக்கு நல்ல வழியைக் காட்டி, எந்த வம்பும் வராமல் காப்பானாக. ஒருவேளை நீ ஏற்கனவே சின்ன ஜெட்டைப் போட்டு இன்ஜின் போயிருந்தால், முதலாளி முன்னால் உன் தப்பு என்று ஒப்புக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தைக் காட்டு. தமிழ் தெரிந்தவர் யாராவது படித்துச் சொல்லட்டும், பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான், தப்பு அவன் அத்தாவுடையது.

இப்படிக்கு,
உன் அத்தா
நூர் முகமது