உன் அப்பாவின் நடைக் கணக்கு

அன்பு மகள் ரெத்னோவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஒரே எரிச்சலில் இருக்கிறேன். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பார். அதனால் லீவு முடிந்து நீ இருக்கும் தைவானுக்கே திரும்பும் சுமினியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ பள்ளியில் படித்தபோது ஹஜ்ஜுக்குப் பெயர் பதிந்தோமே, இப்போதுதான் எங்கள் முறை வந்திருக்கிறது. உடம்பு தாங்குமா என்று டாக்டர் சோதித்த பிறகுதான் அனுப்புவார்கள். அதற்குள் தேறிவிட வேண்டும் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் எண்டாங் எங்கள் போனுக்கு உடற்பயிற்சி வீடியோ அனுப்புகிறாள். நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், கையை வீச வேண்டும், நடக்க வேண்டும். எவ்வளவு நடந்தோம் என்று போன் காட்டும் கணக்கைத் தினமும் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும்.

நான் ஒரு நாள் விடாமல் செய்கிறேன். முட்டி கழன்றுவிடும் போல வலிக்கிறது. என் கணக்கு மட்டும் நகர மாட்டேன் என்கிறது. கிணற்றடிக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்கும் உன் அப்பா குழுவில் முதலிடம். எண்டாங் அவருக்குப் பூப்படம் அனுப்பி, என்னிடம் "ஐயாவப் பாத்துக் கத்துக்கங்கம்மா" என்கிறாள். அவரோ, "நீ நடக்கறியா, இல்ல வழியில நின்னு ஊர்க்கதை பேசறியா?" என்று கேட்கிறார்.

போன வாரம் வயல் பக்கம் கீரை பறிக்கப் போனேன். மனிதர் தென்னை மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். நம் கிடா வரப்பெல்லாம் துள்ளிக்கொண்டிருக்கிறது. அதன் கழுத்தில் துணி சுற்றிக் கட்டிய போன். இத்தனை நாளும் நான் தோற்றது ஓர் ஆட்டிடம்.

வீட்டுக்கு வந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஹஜ்ஜுக்குப் போகிற மனிதன் செய்கிற வேலையா இது என்று கேட்டேன். நான் ஓய்ந்ததும், "நாலு எட்டு வச்சா நெஞ்ச அடைக்குது, ரெத்னோ அம்மா. எனக்கு முடியலன்னு தெரிஞ்சா நீயும் போகமாட்டே. ஊருக்கெல்லாம் சொல்லி, வழியனுப்பு விருந்துக்கும் நாள் குறிச்சிட்டா, அப்புறம் டாக்டர் என்னைய வேணாம்னாலும் நீ போய்த்தானே ஆகணும்?" என்றார்.

பக்கத்திலேயே படுக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது, அவர் மேலும் என் மேலும். நகரத்தில் இதய டாக்டரிடம் போகலாம் என்றால், "நீ தனியா ஹஜ்ஜுக்குப் போறேன்னு முதல்ல சொல்லு, அப்புறம் வர்றேன்" என்று பேரம் பேசுகிறார். அவரை விட்டுவிட்டு நான் எங்கேயும் போகமாட்டேன். இப்படியே இருவரும் முறைத்துக்கொண்டு நாளை ஓட்டுகிறோம்.

நீதான் ஒரு வழி செய்ய வேண்டும். அம்மா தனியாகப் போக ஒத்துக்கொண்டாள் என்று அவரிடம் சொல். நான் சொன்னால் முகத்தைப் பார்த்தே பொய்யென்று கண்டுபிடித்துவிடுவார். நீ சொன்னால் நம்புவார். அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும். அவர் டாக்டரிடம் போனால் போதும்.

காபா எங்கும் போய்விடாது. எந்த வருடம் போனாலும் அங்கேயே இருக்கும். உன் அப்பாவைப் பற்றி அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை, மகளே. கடிதம் கிடைத்த அன்றே அவரைக் கூப்பிடு. அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
சுமிரா