ஜாடிக்கு அடியில் இருந்த காகிதம்

ஐப்பசி 20, வியாழன்

இன்று நான் செய்தது அசிங்கம். உத்தமபாளையம் மும்தாஜ் அக்கா என் பழம்பொருள் கடைக்கு வந்தார். அவருடைய அத்தா மேகமலை எஸ்டேட் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். சீமைக்குத் திரும்பும்போது துரை அவருக்குக் கொடுத்த பச்சைக் கண்ணாடிப் பூஜாடியை, யார் செய்தது என்று பார்த்துச் சொல்லும்படி போன வாரம் அக்கா என்னிடம் விட்டுப் போயிருந்தார்.

கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை அடித்துக் காட்டினேன். ஜாடி பச்சையாக ஒளிர்ந்தது. யுரேனியம் கலந்த கண்ணாடி, செய்யும்போது அடியில் ஒட்டிப் பிடித்த இரும்புக் கம்பியை முறித்தெடுத்த தழும்பு இருக்கிறது, வாயால் ஊதிச் செய்தது என்று பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன்.

"செஞ்சது யாருன்னு தெரிஞ்சுச்சா தம்பி? அடியில சின்னதா ஒரு காகிதம் ஒட்டியிருக்குமே. அத வாசிக்க ஆளில்லையேன்னு அத்தா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக."

அந்தக் காகிதத்தை வெந்நீரில் ஊறப்போட்டுச் சுரண்டியது நான்தான். ஏதோ கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு என்று நினைத்தேன். செய்தவர் பெயரைக் கண்ணாடியிலேயே செதுக்கியிருப்பார்கள் என்று தேடினேன், ஒன்றுமில்லை. சில பட்டறைகள் பெயரைக் காகிதத்தில் மட்டும்தான் ஒட்டும் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

"காகிதம் எதுவும் இல்லையேக்கா" என்றேன்.

அக்கா ஜாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "அப்ப நாந்தேன் வெளக்கும்போது தேச்சுட்டேன் போல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பழைய சாமானப் பாத்துக் கழுவணும்க்கா" என்று புத்தி சொன்னேன்.