டொக்டரின் பெயர் போட்ட பலகை

நெடுந்தீவு
14.8.1979

அன்பு மகள் மாக்கிறேற்றுக்கு,

மாதாவின் கிருபையால் நானும் அப்பாவும் நடமாடித் திரிகிறோம், பதுளைக் குளிரில் நீயும் சுகமாய் இருக்கவேண்டுமென்று ஒவ்வொரு செபமாலையிலும் மன்றாடுகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றவில்லை, கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வீட்டிலிருந்து கிழிந்த வலை பொத்துகிறார். சோழகக் காற்று கடுமை, மூன்று நாளாய் வள்ளம் ஓடவில்லை, ஆகையால் இது உனக்குப் பிந்தித்தான் கிடைக்கும். உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரசாங்க நேர்ஸ் வேலையை விட்டு, உன்னோடு வேலை செய்யும் மனோகரியோடு சேர்ந்து பிள்ளைப்பேற்று விடுதி தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். பென்சன் வாற வேலையை விட உனக்கென்ன விசரோ என்று வாட்டில் ஒரு நேர்ஸ் சிரித்தாளாம், டொக்டர்மார் தொடங்கலாம், நாங்கள் தொடங்கக் கூடாதோ என்று இன்னொரு நேர்ஸ் சரோஜினிதேவி உனக்காகக் கேட்டாளாம். எட்டு வருடம் பிறர் சொன்னதையே செய்த கை இனித் தானாய்ச் செய்யவேண்டும் என்று நீ எழுதிய வரியை அப்பா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். ஆனால் கடைசிப் பக்கத்தில், நேர்ஸின் பெயருக்குச் சனம் வராது, ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் பலகையில் தன் பெயரைப் போடச் சம்மதித்துவிட்டார், அவர் வந்து நிற்கத் தேவையில்லை, முதலாம் திகதி ஒப்பந்தத்தில் கையெழுத்து என்றிருந்தது. அதற்கு மேல் எனக்கு வாசிக்க ஏலாமல் போய்விட்டது.

எங்கள் பிள்ளைப்பேற்று விடுதியை ஏன் மூடினீர்கள் என்று நீ கேட்டபோதெல்லாம் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று சொன்னேன். அது பொய். அறுபத்திரண்டாம் ஆண்டு, நீ கொன்வென்ற் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். நானும் என்னோடு நேர்ஸாயிருந்த செபஸ்தியம்மாவும் அரசாங்க வேலையை விட்டுத் தொடங்கிய இடம், எங்கள் பலகையிலும் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவரின் பெயர்தான். மாதம் ஒரு தரம் வருவேன் என்றவர் நாலு மாதமாய் வரவில்லை. ஆடி மாதம் நாகபூசணி முதற்பிள்ளைக்கு வந்தாள். மத்தியானம் பிள்ளையின் துடிப்புத் தளர்வது கேட்டது. உடனே வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து காரில் யாழ்ப்பாணம் போகவேண்டும் என்றேன். அவளுடைய மாமியார் பலகையைக் காட்டி, டொக்டரின்ர இடத்துக்கு வந்திட்டு நேர்ஸ் சொன்னாளெண்டு கடலில இறங்கவோ, அவரைக் கூப்பிடுங்கோ என்றா. செபஸ்தியம்மா என்னைக் குசினிக்குள் அடுப்படிக்கு இழுத்து, அவர் வாறேல்லையெண்டு இப்ப சொன்னால் நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டினம், வாயைத் திறவாதையுங்கோ அக்கா என்றாள். நான் வெளியே வந்து, டொக்டருக்குத் தந்தி அடித்திருக்கிறம் என்றேன். அடிக்கவில்லை. அவர்கள் என்னை நம்பி நாலு மணிமட்டும் காத்திருந்தார்கள். பிறகு நானே பயந்து வள்ளம் பிடித்தேன், அதற்குள் காற்று எழும்பிவிட்டது. கரை தட்டுமுன் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண்பிள்ளை. அவளுக்குப் பிறகு பிள்ளையில்லை.

அவர்கள் கடலைத்தான் குறை சொன்னார்கள். டொக்டர் வந்திருந்தால் பிள்ளை தப்பியிருக்கும் என்று நாகபூசணி இன்றைக்கும் சொல்லுகிறாள். சந்தையில் காணும்போதெல்லாம், மகள் சுகமோ அக்கா, அங்க குளிராமே என்று கேட்கிறாள். பதினேழு வருடமாய் ஓம் சுகம் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

தொடங்காதே என்று நான் எழுதவில்லை மகள். விடுதி நடந்த அந்த இரண்டு வருடமும் ஒருவரும் எழுப்பாமல் நானே எழும்பி வேலைக்குப் போனேன், அதற்கு முந்திய பதினாலு வருட உத்தியோகத்தில் அப்படி ஒரு நாளும் இல்லை. ஆனால் பலகையில் உன் பெயரையும் மனோகரியின் பெயரையும் போடு. சனம் வராவிட்டால் வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டிரு. உன் பெயரை நம்பி வருகிறவள்தான், நீ ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லும்போது எழும்பிப் போவாள்.

இவ்வளவையும் உனக்கு எழுதிவிட்டு அவளுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாது. நாளைக்கு மாதாவின் திருநாள், பூசை முடிய நாகபூசணி வீட்டுக்குப் போகிறேன். தனியாகப் போகவேண்டாம் என்கிறார் அப்பா, தனியாகத்தான் போகவேணும். அடுத்த கடிதத்தில் அவள் உன்னை விசாரித்ததாக நான் எழுதாவிட்டால் காரணம் உனக்குத் தெரியும்.

மாதா உன் கைகளை ஆசீர்வதிப்பாவாக. கம்பளிச் சட்டை இல்லாமல் வேலைக்குப் போகாதே. முதலாம் திகதிக்கு முன் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானசவுந்தரி