அவர் சொல்லச் சொல்ல வரைந்த வீடு

8 ஜனவரி 2025, புதன்

பாலர் பள்ளியில் வகுப்பு முடித்து ஒரு மணிக்கு வந்தபோது அவர் கணினி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாடு அப்படியே இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"கர்சர் எங்க இருக்குன்னு தெரியல மலர். அரை மணி நேரமா தேடுறேன்."

வலது கண் போய் ஒரு வருடம் ஆகிறது. கிளாக்கோமா. போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஒரு கண் போதும் என்று இத்தனை நாள் வரைந்துகொண்டுதான் இருந்தார். இருபத்திரண்டு வருடமாக வீடுகளுக்கு பிளான் வரைகிறவர் என் வீட்டுக்காரர் சிவநேசன். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஆர்க்கிடெக்ட் ராதாகிருஷ்ணன் வேலை கொடுப்பார். இவர் கிள்ளானில், எங்கள் வீட்டு முன்னறையிலிருந்தே வரைந்து அனுப்புவார்.

இப்போது கையில் இருப்பது காப்பாரில் ஒரு தெரஸ் வீடு, ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசையில் ஒன்று. பின்பக்கம் அடுப்படியைப் பெரிதாக்க வேண்டும். பாதியில் நிற்கிறது. என்னை உட்காரச் சொன்னார். அவர் சொல்வாராம், நான் கிளிக் செய்ய வேண்டுமாம். ராதா சாருக்குத் தெரியக்கூடாதாம்.

நானா? எனக்கு மார்க் போடவும் வாட்ஸாப் அனுப்பவும் தெரியும். அவ்வளவுதான்.

9 ஜனவரி

முதல் பாடம். திரை நடுவில் வெள்ளைத் தாள் மாதிரி ஒன்று. மேலே நீளப் பட்டை, அதில் ஐம்பது அறுபது குட்டிப் படங்கள். இடது பக்கம் இரண்டு பெட்டிகள். மேல் பெட்டியில், நாம் தொட்ட பொருளின் விவரம் — சுவரைத் தொட்டால் அதன் உயரம், கனம். கீழ்ப் பெட்டியில் வீட்டின் எல்லா வரைபடங்களும் — கீழ்மாடி, மேல்மாடி, கூரை.

இதையெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். திறந்தால் குழம்புகிறதாம்.

சுவருக்கு டபிள்யூ, ஏ. கதவுக்கு டி, ஆர். எதிலாவது மாட்டிக்கொண்டால் எஸ்கேப், இரண்டு தடவை. இன்று நாற்பது தடவையாவது அடித்திருப்பேன்.

12 ஜனவரி, ஞாயிறு

ஒரு சுவரை அழித்தேன். அதிலிருந்த கதவும் இரண்டு ஜன்னலும் சேர்ந்தே காணாமல் போயின. பயந்து கத்திவிட்டேன். சுவர் இல்லாமல் ஜன்னல் எங்கே நிற்கும் என்று சிரித்தார். அழித்தது திரும்ப வர கன்ட்ரோல், ஸெட்.

அவர் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று.

25 ஜனவரி

எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். படிக்கட்டு போட வரவில்லை. மேல்பட்டையில் மூன்றாவது படம் என்றார். அங்கே இல்லை. புதுப் பதிப்பில் இடம் மாற்றிவிட்டார்களோ என்னவோ. இல்லை என்றேன். இருக்கு என்றார். இல்லைங்க என்றேன்.

"உனக்குத்தான் கண்ணு தெரியுதில்ல? பாத்துச் சொல்லேன்."

 குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் என்ன பண்ணேன்? நானா கேட்டேன் இதெல்லாம்? வெளியே வந்தபோது எனக்கு மைலோ கலக்கி வைத்திருந்தார். மேசையெல்லாம் தூள். துடைத்தேன். அதையும் அவர் பார்க்கவில்லை.

11 பிப்ரவரி

தைப்பூசம். கூட்டத்தில் நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் விளக்கேற்றினேன். மத்தியானம் கூரை போட்டேன் — திரையில்.

20 பிப்ரவரி, வியாழன்

காப்பார் வீடு முடிந்தது. அனுப்புவதற்கு முன் ஒரு தடவை தான் பார்க்க வேண்டும் என்றார். நாற்காலியைக் கொடுத்து, பிளானைப் பெரிதாகத் திறந்து வைத்தேன். அதற்குள் கேஸ் தொம்பு கொண்டுவந்தவர் வாசலில் ஹாரன் அடித்தார். போய் வாங்கி, காலி சிலிண்டரைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வர பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அவர் தலையைச் சாய்த்து, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருந்தார். திரை கறுப்பாக இருந்தது. யாரும் தொடாததால் தானாக அணைந்திருந்தது.

"பாத்துட்டேன் மலர். எல்லாம் சரியா இருக்கு. அனுப்பிரு" என்றார்.

இடது கண்ணும்.

மௌஸைத் தொட்டேன். வெளிச்சம் வந்தது. அவர் முகத்தில் நீல நிறம் விழுந்தது, அவருக்குத் தெரியவில்லை. எவ்வளவு நாளாக இப்படி? ஏன் சொல்லவில்லை? எதுவும் கேட்கவில்லை. அனுப்பிவிட்டேன். யாரும் பார்க்காத பிளானை அனுப்பிவிட்டேன்.

4 மார்ச்

ராதா சார் போன் செய்தார். காப்பாரில் கொன்ட்ராக்டர் கயிறு கட்டி முதல் வரிசைக் கல்லும் வைத்துவிட்டாராம். பின்சுவர் ஓர் அடி தள்ளி, சாக்கடை மேல் நிற்கிறதாம். நாளை ஆபீஸுக்கு வரச் சொன்னார்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். நான்தான். எதையோ கிளிக் செய்யும்போது சுவரையும் சேர்த்து இழுத்திருக்கிறேன். பழைய சிவநேசனாக இருந்தால் ஒரே பார்வையில் பிடித்திருப்பார்.

5 மார்ச், புதன்

கொமுட்டர் ரயிலில் சென்ட்ரல் ஸ்டேஷன் போய், அங்கிருந்து நடந்தோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆபீஸ் கதவு வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

ராதா சார் பிளானை மேசையில் விரித்து, தப்பான சுவரைச் சிவப்புப் பேனாவால் சுற்றி, இது என்ன என்று கேட்டார். இவர் குனிந்து, தாளின் வேறொரு மூலையில் விரலை வைத்து, "ஆமா பாஸ், என் தப்புதான், கவனிக்கல" என்றார். அந்த விரல் எதுவும் வரையாத வெற்றுத் தாளில் இருந்தது. ராதா சார் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் வரைஞ்சது சார்" என்றேன். "அவருக்கு ரெண்டு கண்ணும் தெரியல. பாக்காமயேதான் அனுப்பினோம்."

எப்படி வாயைத் திறந்தேன்? அவர் மட்டும் பழியை ஏற்றுக்கொண்டு நிற்பதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ராதா சார் பேனாவை மூடி வைத்தார். "எங்கிட்ட சொல்லியிருக்கணும் லா நேசன்" என்றார். "இது வீடு. ஆளுங்க உள்ளே இருக்கப்போறாங்க." கல்லை எடுத்துவிடலாம் என்றார். மற்ற வேலைகளை வேறொருவரிடம் கொடுப்பதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ரயிலில் கிள்ளான் வரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

6 மார்ச்

மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாடு இன்றும் அப்படியே இருந்தது.

9 மார்ச்

துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தீபாவளிக்கு அப்புறம்தான் மோசமானதாம். பொங்கலுக்குள் வெறும் நிழலாகிவிட்டதாம். என்னிடம் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று நினைத்தாராம்.

கறுப்புத் திரையைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லவே மாட்டேன்.

14 மார்ச், வெள்ளி

ராதா சார் போன் செய்தார் — எனக்கு. இரண்டு மாதத்தில் இவ்வளவு கற்றிருக்கிறீர்கள், ஆபீஸில் வந்து ஒழுங்காகப் பழகிக்கொள்ளுங்கள், வாரம் மூன்று நாள் போதும் என்றார். இவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"என்னைக் கேக்க என்ன இருக்கு? போ."

குரல் சரியாகத்தான் இருந்தது. எழுந்து பின்கதவுப் பக்கம் போனபோது நிலையில் இடித்துக்கொண்டார். நான் ஓடவில்லை. ஓடினால் பிடிக்காது.

19 மே, திங்கள்

பார்வையற்றோர் பயிற்சி நிலையத்தில் அவருக்கு இன்று முதல் நாள். பிரிக்பீல்ட்ஸில்தான், ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம். படிவத்தை அங்கிருந்த பெண் வாசிக்க, இவர் பதில் சொன்னார். என்ன தொழில் என்று கேட்டாள். "டிராஃப்ட்ஸ்மேன்." இன்னும் செய்றீங்களா அங்கிள் என்றாள்.

"இல்லம்மா. இப்ப என் வைஃப் செய்றாங்க."

அவரை விட்டுவிட்டு ஆபீஸ் போனேன்; பாலர் பள்ளி இப்போது வாரம் இரண்டு நாள்தான். பந்திங்கில் ஒரு கடைவீட்டு மாடி. காலையிலிருந்து நாலரை மணி வரை வரைந்தேன். கணினியை மூடியபோதுதான் தோன்றியது, இன்று ஒரு தடவைகூட அவருக்குப் போன் செய்து எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் இடம் கிடைத்தது. நிலையத்தில் கொடுத்த வெள்ளைக் குச்சியை மடித்து மடியில் வைத்திருந்தார்.  வேலை எப்படி, ஏதாவது சிக்கலா என்று கேட்டார்.

இல்லை. எல்லாம் சரியாகவே வந்திருந்தது.

"தண்ணி வடியிற சரிவு மட்டும் சரியா வரலைங்க" என்றேன். "எங்க போய் மாத்தணும்?"

கண்ணை மூடிக்கொண்டார். இடது பக்கம், மேல் பெட்டி என்று ஆரம்பித்தார். பாடாங் ஜாவா ஸ்டேஷன் தாண்டியும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.