பெட்ராவுக்காகச் செய்த பழப் பேய்கள்

அக்டோபர் 9, புதன்

இல்லை, பெட்ரா கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

யாருடைய பிறந்தநாளோ. கப்கேக் பெட்டி மேசை மேசையாக வந்தது, பெட்ராவைத் தாண்டிப் போயிற்று. அவளுக்கு மட்டும் ஒரு ஸ்டிக்கர் அட்டை. ஆறு வயது. கோடை விடுமுறையில் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னால் ஊசி. ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்து மேசையின் அடிப்பக்கத்தில், யாரும் பார்க்க முடியாத இடத்தில், ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

என் படிப்பு ஒப்பிலக்கியம். என் வேலை ஒன்றாம் வகுப்பில் பசை மூடிகளைத் திறந்து கொடுப்பது. மூடிகளைத் திறந்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

முப்பத்தொன்றாம் தேதி ஹாலோவீன் பார்ட்டிக்கான தாள் வந்துவிட்டது. மிஸ்ஸஸ் வோகல் இருபது வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவர். குரலை உயர்த்தாமலேயே எதையும் முடித்துவிடுவார்.

"நர்ஸ் பன்னெண்டுக்கே அடுத்த பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிடறாங்க. பார்ட்டி ரெண்டு மணிக்கு. ஊசி போட ஆள் இல்ல. பெட்ராவை அவங்க அம்மா பன்னெண்டுக்கே வந்து கூட்டிட்டுப் போகட்டும். அதுதான் குழந்தைக்கும் நல்லது."

குழந்தைக்கும். அந்த 'உம்' வேறு யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டது?

வேஷ ஊர்வலம் ஒன்றரைக்கு. பார்ட்டியோடு அதுவும் போய்விடும். பெட்ரா குப்பை வண்டியாக வரப்போகிறாள். அம்மாவும் அவளும் அட்டைப் பெட்டியில் செய்துகொண்டிருக்கிறார்களாம். "பின்னாடி கதவு தொறக்கும், மிஸ் கோரா. நெசமாவே குப்பை போடலாம்."

அக்டோபர் 11, வெள்ளி

நான் சொன்னேன்: சர்க்கரை மிட்டாய் எதற்கு, முழுக்கப் பழமாக வைப்போம், அவளும் இருக்கலாம்.

ப்ரூக் சிரித்தாள். வகுப்பின் பார்ட்டிகளை நடத்தும் அம்மா அவள். கையில் எப்போதும் ஒரு கோப்பு. "ஹாலோவீனுக்குத் திராட்சையா? பேயே வந்தாலும் அழுதுட்டு ஓடிடும்!"

"பழத்துலயே பேய் செய்யலாம்."

"செய்யுங்க, செய்யுங்க. நான் கப்கேக் கொண்டுவர்றேன். பசங்க எந்தப் பக்கம் ஓடறாங்கன்னு பாப்போம்."

மிஸ்ஸஸ் வோகல் விதியை நினைவூட்டினார். வீட்டில் செய்தது எதுவும் உள்ளே வரக்கூடாது. கடைப் பெட்டி, பொருள் விவரம் அச்சடித்தது. இல்லாவிட்டால் முழுப் பழம், இங்கேயே கழுவி, இங்கேயே நறுக்கியது. பதினெட்டாம் தேதி ஒரு ஒத்திகை பார்த்துக்கொள் என்றார். கத்தரிக்கோலால் காகிதம் வெட்டும் வகுப்புக்குப் பதிலாக.

அனுமதி கிடைத்தது. இருந்தும் ஏன் இந்தக் கோபம் தீரவில்லை?

அக்டோபர் 13, ஞாயிறு

நாள் முழுக்கச் சமையலறை.

வாழைப்பழத்தைக் குறுக்கே பாதியாக வெட்டினால் கூர்முனைப் பக்கம் தலை. அடி தட்டையாக இல்லாவிட்டால் பேய் மயங்கி விழுகிறது. கண்ணுக்கு இரண்டு சர்க்கரையில்லாச் சாக்லேட் துணுக்கு, கூர்ப்பக்கம் உள்ளே போகும்படி குத்த வேண்டும். வாய்க்குப் பெரியதாக ஒன்று. ஆரஞ்சுச் சாற்றில் புரட்டி எடுத்தால் ஒரு மணி நேரம் கறுக்காது.

கமலா ஆரஞ்சை உரித்து, நடுக்குழியில் செலரிக் கீரைத் தண்டுத் துண்டு ஒன்றைச் செருகினால் பரங்கிக்காய். அவ்வளவுதான் வேலை. இதைப் போய் யாரும் செய்வதில்லை.

ஆப்பிள் துண்டு இரண்டு, நடுவில் சூரியகாந்தி விதை விழுது, அதில் விதைகளைப் பல்லாகச் செருகினால் பூதத்தின் வாய். (வேர்க்கடலைக்கு வகுப்பில் தடை.) திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளக்க வேண்டும், குழந்தைத் தொண்டை.

தட்டு நிறைய முகங்கள். எல்லாம் ப்ரூக்கைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. கொஞ்சம் வெட்கம். அதைவிட அதிகமாகத் திருப்தி.

அக்டோபர் 15, செவ்வாய்

ப்ரூக் தாளைத் திருத்தி அனுப்பியிருக்கிறாள். 'பழம் (பெட்ராவுக்கு)'.

அடைப்புக்குறிக்குள் ஒரு குழந்தை.

அக்டோபர் 18, வெள்ளி

எழுத வரவில்லை.

அக்டோபர் 19, சனி

எழுதுகிறேன்.

ஒத்திகை நன்றாகத்தான் போனது. ரொம்ப நன்றாக. இருபத்திரண்டு குழந்தைகள், பிளாஸ்டிக் கத்தி, முப்பது வாழைப்பழம். "என் பேய்க்கு ஒத்தக் கண்ணு!" "என் பேய் வழுக்கி விழுந்து செத்துப்போச்சு." "பேய் ஏற்கெனவே செத்ததுதான்டா, முட்டாள்." பெட்ரா தான் செய்ததைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் சாப்பிடலாமா?"

"பழம்தானே, கண்ணு. சாப்பிடு."

இரண்டு பேய். மூன்று பரங்கி. ஒரு பிடி திராட்சை. அவ்வளவு சந்தோஷமாக ஒரு குழந்தை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் பெருமை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்று மணிக்கு அவள் கையில் ஒட்டியிருந்த, சர்க்கரை அளக்கும் கருவி கத்த ஆரம்பித்தது. நர்ஸ் இல்லை. கருவி அம்மாவின் போனுக்கும் செய்தி அனுப்பும் என்று எனக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் அவள் அம்மா லினெட் வாசலில் நின்றாள், டயர் கடைச் சட்டையோடு. ரத்தச் சர்க்கரை முந்நூற்றுப் பதினெட்டு. மகளை நடைபாதையில் உட்காரவைத்து, சட்டையைத் தூக்கி, ஊசி போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்ன குடுத்தீங்க?"

"பழம்... வாழைப்பழம், ஆரஞ்சு. மிட்டாய் எதுவும்..."

"எவ்வளவு?"

"ரெண்டு... மூணு..."

"எத்தனை கிராம் மாவுச்சத்துன்னு கேக்கறேன்!"

விரல்விட்டுப் பேய்களை எண்ணினேன்; லினெட் காத்திருக்கவில்லை.

"பழம்னா சும்மான்னு எவ சொன்னா உனக்கு? அந்த அரை வாழைப்பழமும் ஒரு சின்ன சாக்லேட்டும் அவ ரத்தத்துக்கு ஒண்ணுதான். செவ்வாய்க்கிழமை ராத்திரி என் பொண்ணு சாக்லேட் தின்னா, தெரியுமா? நான்தான் குடுத்தேன். எனக்குக் கணக்குத் தெரியும், அதுக்கேத்த ஊசி போட்டேன். உனக்கு என்ன தெரியும்? மூஞ்சி வரையத் தெரியும்."

பெட்ரா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "மிஸ் கோராவைத் திட்டாதம்மா. நான்தான் கேட்டேன்."

முதன்முறையாகக் கேட்டிருக்கிறாள். என்னிடம்.

அக்டோபர் 20, ஞாயிறு

லினெட்டின் மேல் கோபம். நன்றி வேண்டாம், நடைபாதையில், எல்லோர் முன்னாலும், 'நீ' என்று. நான் ஒருத்திதான் அந்தக் குழந்தைக்காக ஏதாவது செய்தேன். ஒருத்திதான்!

திரும்பப் படிக்கிறேன். 'நான் ஒருத்திதான்.' என்ன ஒரு அருவருப்பான வாக்கியம்.

அக்டோபர் 21, திங்கள்

மிஸ்ஸஸ் வோகல் ரொம்ப அன்பாகப் பேசினார். அதுதான் தாங்கவில்லை. "உன் மனசு நல்ல மனசு, கோரா. ஆனா பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன். முப்பத்தொண்ணாம் தேதி பன்னெண்டுக்கே அவ வீட்டுக்குப் போகட்டும். இனி அதைப் பத்திப் பேச வேணாம்."

பத்தாம் தேதி அது ஒரு யோசனை. இன்று முடிவு. முடிவாக்கிக் கொடுத்தது நான்.

பெட்ராவிடம் இன்னும் சொல்லவில்லை. வண்டிக்குச் சக்கரம் ஒட்டியாகிவிட்டதாம்.

அக்டோபர் 22, செவ்வாய்

பள்ளி முடிந்ததும் டயர் கடைக்குப் போனேன். லினெட் கல்லாவுக்குப் பின்னால். ரப்பர் வாடை. வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பை அவள் பாதியிலேயே வெட்டினாள்.

"சரி, சரி. மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்றது? அது ஊசியா போடும்?"

"வேற என்ன செய்யட்டும்?"

ரசீது கிழிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். விளையாடுகிறேனா என்று பார்த்திருப்பாள்.

"நர்ஸ் இல்லாத நேரத்துக்கு வேற யாராவது கத்துக்கிட்டு ஊசி போடலாம். ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டா நர்ஸே சொல்லித்தருவாங்க. ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன் அந்தத் தாளை. எல்லாருக்கும் சுத்துக்கு விட்டாங்களாம். ஒருத்தரும் போடலையாம்." மறுபடி ரசீதைக் கிழித்தாள். "முப்பது பேர் வேலை பாக்கறீங்க அங்க."

காருக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது.

ஆகஸ்டு. ஊழியர் கூட்டம். ஒரு பலகையில் செருகிய தாள் வரிசை வரிசையாக வந்தது. மேலே நீளமான தலைப்பு, கீழே கையெழுத்துக்குக் கோடுகள், எல்லாம் காலி. என் கையில் பேனாகூட இருந்தது, ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தேன். தலைப்பின் முதல் சொல்லைப் படித்தேன், 'மருத்துவ'. அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டேன். படிக்க ஐந்து ஆண்டு கற்றவள். இரண்டாவது சொல்லுக்குப் போகவில்லை.

இரண்டு வாரமாக யார் மேல் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்? வோகல், ப்ரூக், லினெட். பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது. வாழைப்பழத்துக்குக் கண் குத்த ஒரு ஞாயிறு முழுக்க இருந்தது எனக்கு. கையெழுத்துக்கு மூன்று வினாடி இல்லை.

ச்சீ. ச்சீ. போ.

அக்டோபர் 23, புதன்

கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தில் அந்தத் தாளைத் தேடிக் கண்டுபிடிக்கவே இருபது நிமிடம். ஒரு பூந்தொட்டிக்கு அடியில் இருந்தது. ஈர வட்டம்.

மிஸ்ஸஸ் வோகல்: "யோசிச்சுத்தான் பண்றியா? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உன் தலையிலதான் விடியும்."

"ஆமா."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. அவ பார்ட்டியில இருக்கட்டும்."

இதுவரை அவரை எதிர்த்து முழு வாக்கியம் பேசியதில்லை. நேற்றுப் பேசியிருந்தால் கத்தியிருப்பேன். இன்று கத்தல் வரவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

நர்ஸ் டார்லாவுக்கு அறுபது வயது, பொறுமை கிடையாது. பழகுவதற்கு ஒரு கமலா ஆரஞ்சைக் கொடுத்தார். என் ஆரஞ்சுகளில் மிஞ்சிய ஒன்று.

"குத்து. பயப்படாம குத்து, கண்ணு. ஈட்டி எறியற மாதிரி இல்ல. நேரா. பத்து வரைக்கும் எண்ணு. இப்ப எடு."

தண்ணீர்தான் உள்ளே போனது.

"ஆரஞ்சு அழாது. அவளும் அழ மாட்டா. நீ அழாம இருந்தாப் போதும்."

பிறகு தராசு. அரை வாழைப்பழம் பதிமூன்றரை கிராம் மாவுச்சத்து. ஒரு கமலா ஆரஞ்சு ஒன்பது. அன்று அவளுக்கு நான் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தேன். திராட்சையைச் சேர்க்கும் முன்பே ஐம்பத்து நான்கு. டார்லா தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அப்பவே கூட்டியிருந்தா ஒண்ணுமே இல்ல. முன்னாடியே ஊசி போட்டுட்டு எல்லாத்தையும் தின்னிருக்கலாம்."

அக்டோபர் 28, திங்கள்

லினெட் பள்ளிக்கு வந்து டார்லா முன்னால் என்னைச் சோதித்தாள். எத்தனை கிராமுக்கு எத்தனை யூனிட் இன்சுலின். சர்க்கரை எண் இறங்கினால் என்ன செய்வாய். மயங்கினால். யாரைக் கூப்பிடுவாய், எந்த வரிசையில். இரண்டாவது கேள்வியில் தடுமாறினேன். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். சிரிக்கவில்லை. போகும்போது மட்டும்: "ஊசி போடறப்ப அவகிட்ட நாய்க்குட்டிக் கதையெல்லாம் சொல்லாதீங்க. அவளுக்குப் புடிக்காது. சும்மா போடுங்க."

'நீங்க' திரும்ப வந்திருந்தது. அவ்வளவுதான்.

அக்டோபர் 30, புதன்

ப்ரூக்கிடம் கேட்டேன், தாளில் அடைப்புக்குறியை எடுக்க முடியுமா என்று.

"எந்த அடைப்புக்குறி?"

அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. கோபப்படுவதற்கு இடமில்லாத ஒரு முகம். நானே பேனாவை வாங்கி அடித்தேன்.

"ஓ," என்றாள். கோப்பைப் புரட்டியபடியே: "கப்கேக் பெட்டியில சத்து விவரம் போட்டிருக்கும். படம் எடுத்து அனுப்பட்டுமா?"

அக்டோபர் 31, வியாழன்

ஒன்றரைக்கு ஊர்வலம். குப்பை வண்டி நடு வரிசையில். பின்கதவு நிஜமாகவே திறந்தது. ஒரு டைனோசர் அதில் மிட்டாய்த் தாளைப் போட்டான், ஒரு தேனீ தன் கையுறையைப் போட்டாள்.

பிறகு மேசை. ஒரு பக்கம் என் தட்டுகள்: நாற்பது பேய், நாற்பது பரங்கி, பூத வாய்கள். மறுபக்கம் ப்ரூக்கின் கப்கேக், மேலே ஆரஞ்சு நிறக் க்ரீம், ஒரு பிளாஸ்டிக் சிலந்தி. என் காகிதத்தில் எல்லாவற்றுக்கும் எண் எழுதி வைத்திருந்தேன், அரைப் பேய்க்குக்கூட.

பெட்ரா வந்து நின்றாள். நேரம் எடுத்துக்கொண்டாள். வாழைப்பழங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எது வேணா எடுக்கலாமா?"

"எது வேணா."

"கப்கேக்."

நெஞ்சுக்குள் எதுவோ சுருக்கென்றது. ஒரு வினாடி. அது என்னவென்று தெரியும், பெயர் வைக்க விருப்பமில்லை.

"இருபத்தொன்பது," என்றேன். லினெட்டுக்கு எண்ணை அனுப்பினேன், 'ஒன்றரை யூனிட்' என்று பதில் வந்தது, என் காகிதத்திலும் அதுவே இருந்தது. மூலைக்குப் போனோம். வண்டியைத் தலைவழியாகத் தூக்கிக் கழற்றினேன். கையை நீட்டினாள். கதை எதுவும் சொல்லவில்லை. நேராக. பத்து வரை எண்ணினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, மேசையில் தன் கப்கேக்கை யாராவது எடுத்துவிடுவார்களா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. கால் மணி நேரம் பொறு."

"அதுவரைக்கும் வண்டி ஓட்டலாமா?"

மாட்டிவிட்டேன். ஓடிப் போனாள்.

பேய்கள் பெரும்பாலும் போய்விட்டன, மற்றவர்கள் தின்றார்கள். பெட்ரா ஒன்றுகூட எடுக்கவில்லை. சிலந்தியை மோதிரமாகப் போட்டுக்கொண்டாள், வாயெல்லாம் ஆரஞ்சு நிறம், பக்கத்தில் உட்கார்ந்த தேனீயோடு எதற்கோ சண்டை. நான்கு மணிக்கு லினெட்டிடமிருந்து ஓர் எண் மட்டும் வந்தது: 162. அளவுக்குள்.

படிவத்தில் நேரத்தையும் யூனிட்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மிஞ்சிய மூன்று பேய்களை, கறுத்திருந்தன, நின்றபடியே தின்றேன். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.