டோக்கியோவுக்குப் போன முள்ளங்கி ஊறுகாய்

அகிதா,
பிப்ரவரி, புதன்கிழமை

அன்புக் கணவர் தொமேசோ அவர்களுக்கு,

கினுயே எழுதுவது. பிள்ளைகள் இருவரும் நலம். பனி ஜன்னலை மூடிவிட்டது, பகலிலும் விளக்குதான். டோக்கியோவில் கட்டட வேலையில் உங்களுக்கும் குளிர் அதிகமாக இருக்கும்.

உங்கள் அண்ணன் யாசுஜி நலமாக இல்லை. நேற்றுக் காலை கூரைப் பனியைத் தள்ளக் கிளம்பியவர், வழக்கம்போல மூன்று கிண்ணம் மிசோ சூப் குடித்துவிட்டு, வாசலில் காலணியை மாட்டும்போதே சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். கண் திறக்கிறார், பேச்சு இல்லை. இப்படிச் சரிந்தவர்கள் பலரைப் பார்த்த ஊர், யாரும் ஆச்சரியப்படவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

சுகாதார நர்ஸ் மறுபடி வீடு வீடாக வந்தாள். நம் சூப்பைச் சுவைத்துவிட்டு, "இது சூப்பா, கடல் தண்ணியா?" என்றாள். உப்புக் குறைந்தால் கஞ்ச வீடு என்று சொல்கிற ஊர் நம்முடையது. தேநீரோடு ஊறுகாய் வைக்காமல் யாரை உட்காரவைத்திருக்கிறோம்? இப்போது அந்த உப்புச் சோயா விழுதை, மிசோவை, பாதிதான் போடுகிறேன். பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புகையில் காயவைத்துப் போட்ட முள்ளங்கி ஊறுகாயில் ஒரு தொட்டியைக் காணவில்லை. எலி தூக்கியிருக்காது. ஆனால் ரத்த அழுத்த மாத்திரைகள் மட்டும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. "அதான் இறங்கிடுச்சே, இனி எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மாத்திரையால்தான் இறங்கியது, நிறுத்தினால் ஏறும், ஏறுவது வெளியே தெரியாது என்கிறாள் நர்ஸ்.

உங்கள் அறையில் தங்கும் ஷின்கிச்சி விடுப்பில் வந்திருக்கிறார். நம் ஊறுகாயை அங்கே எல்லோரும் மெச்சுகிறார்களாம். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் ஒரு வாரமா இடது கையாலதான் சாப்பிடுறாரு. கேட்டா, புதுசா வித்தை பழகுறேன்ங்கறாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலது கைக்கு என்ன ஆயிற்று?

இதைப் படித்ததும் வேலையைப் போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மேஸ்திரி கோபித்தால் கோபிக்கட்டும். பிள்ளைகளை என் தங்கையிடம் விட்டுவிட்டு, மாத்திரைகளோடு சனிக்கிழமை ரயிலில் கிளம்புகிறேன். ஞாயிறு காலை உவேனோ நிலையத்தில் இறங்குவேன். மருத்துவமனையில் உங்களைச் சேர்த்துக்கொண்டால் வேறு யாரையாவது அனுப்புங்கள், நிம்மதியாக அவர் பின்னால் வருவேன். நீங்களே வந்தால், கூட்டத்தில் என்னைக் கண்டதும் கூப்பிட வேண்டாம். வலது கையைத் தூக்கிக் காட்டுங்கள். எனக்கு அது போதும்.

உங்கள்
கினுயே