வெட்டி ஒட்டிய தாள்

மார்ச் 4

பல் டாக்டர் மறுபடி வந்தார். நாவல்களின் முதல் பதிப்பைச் சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். எது முதல், எது பிந்தியது என்று பார்த்துச் சொல்வது எனக்குப் பிழைப்பு. இன்று அவர் பையிலிருந்து எடுத்தது எனக்குத் தெரிந்த புத்தகம். அக்கா எழுதிய ஒரே நாவல்.

அச்சானது ஒரே தடவைதான். ஆனால் பிரதிகள் இரண்டு விதம். சிலவற்றில் சமர்ப்பணப் பக்கம் வெறுமையாக இருக்கும். சிலவற்றில் ‘என் வாயாடித் தங்கைக்கு’ என்று இருக்கும். வாயாடி நான்தான்.

சமர்ப்பணம் உள்ளதுதான் முந்தி வந்தது, அதற்குத்தான் மதிப்பு என்பது வியாபாரிகள் எல்லோரும் சொல்வது. புத்தகம் வந்த அதே மாதம்தான் அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று நானும் அவளும் அடித்துக்கொண்டோம். பிறகு பேச்சே இல்லை. அதற்குப் பின் கட்டிய பிரதிகளிலிருந்து என்னைத் தூக்கிவிட்டாள். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டுமா?

டாக்டருடையது சமர்ப்பணம் உள்ள பிரதி. “முதல்ல வந்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா, போதும்” என்றார்.

மார்ச் 5

அலமாரிக்குப் பின்னால் அக்காவின் அந்த இருமல். அவள் போய் மூன்று வருஷமாகிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. செத்தும் விடமாட்டாளா?

மார்ச் 9

ஊரார் புத்தகத்தையெல்லாம் பிரித்து மேய்ந்தவள், இதை மட்டும் தொட்டதே இல்லை. ரோஷம். இன்று, டாக்டர் விட்டுப்போன பிரதியைத் தொட்டேன். சமர்ப்பணத் தாளின் அடியோரம் விரலில் ஏதோ தட்டியது. லென்ஸை வைத்தேன்.

அந்தத் தாள் மற்றவற்றோடு சேர்த்துத் தைத்ததல்ல. முன்பு இருந்த தாளை வெட்டிவிட்டு, மிச்சமிருந்த விளிம்பில் இதை ஒட்டியிருக்கிறது. பசைக்குள் ஒரு நீள முடி. சுருட்டை. எங்கள் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் சுருட்டை.

ஒட்டினது என்றால் — பிறகு வந்தது. அப்படியென்றால் வெறும் பக்கம்தானே முந்தியது? அடிப் பாவி, அவசரப்படாதே. இன்னொன்றையும் பார்.

மார்ச் 10

நூலகத்தில் வெறும் பக்கம் உள்ள பிரதி கிடைத்தது. ஒட்டு இல்லை. தாள் மற்றத் தாள்களோடு சேர்த்துத் தைத்திருக்கிறது.

மார்ச் 12

அந்தப் புத்தகத்தைக் கட்டிய பைண்டரைத் தேடிப் போனேன். காது மந்தம்; ஞாபகம் கத்தி. பாதிப் பிரதிகள் கடைகளுக்குப் போனபின் அக்கா புதிதாக அச்சடித்த தாள்கட்டோடு வந்து நின்றாளாம். வேண்டாம், புத்தகம் கெட்டுவிடும் என்று இவர் தடுத்தாராம்.

“கேட்டாத்தானே? தரையில உக்காந்து அவங்களே ஒவ்வொண்ணா வெட்டி ஒட்டினாங்க. விடாம இருமல் வேற. ‘தங்கச்சிகிட்ட சண்டை போட்டுட்டேன், இதையாவது பாக்கட்டும்’னு சொன்னாங்க.”

சண்டைக்கு முன்னால் எனக்கு இடமே இல்லை. சண்டை போட்டபின் கிடைத்திருக்கிறது. அவள் புத்தியே அப்படித்தான். பார்த்தேன்க்கா. தப்பாப் பார்த்துட்டேன். பஸ்ஸில் அழுத அழுகையில் பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

மார்ச் 14

டாக்டருக்கு எழுதிக் கொடுத்தேன்: ‘முந்தி வந்த பிரதி அல்ல. சமர்ப்பணத் தாள் பின்னர் ஒட்டப்பட்டது.’ அவர் முகம் தொங்கிப்போயிற்று. நன்றாகப் பார்த்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பார்த்தேன் என்றேன். ஒரு புத்தகத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

மார்ச் 15

மறுபடி இருமல். இன்று திரும்பினேன். யாருமில்லை.

ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோய் அங்கே வைத்தேன். “குடிச்சுக்கோக்கா” என்றேன்.